கடன் கொடுக்காத சங்கம்

இந்தியாவின் முதல் கிராமக் கூட்டுறவுக் கடன் சங்கம் எங்கே பிறந்தது என்று போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளைக் கேட்டால், யோசிக்காமல் சொல்வார்கள்: திரூர். எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துத் திரூர்தான். செவ்வாப்பேட்டைக்குப் பக்கம், நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊர். ஆதிநாராயணய்யா என்பவர் முன்னின்று நடத்த, 1904 ஆகஸ்ட் 30ஆம் தேதி அந்தச் சங்கம் பதிவானது. அதற்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பு, சென்னை மாகாண அரசு பிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை ஐரோப்பாவுக்கு அனுப்பி, ஜெர்மனியில் ராய்பைசன் என்ற கிராமத் தலைவர் விவசாயிகளைக் கந்துவட்டியிலிருந்து எப்படி மீட்டார் என்று பார்த்துவரச் சொன்னது. நிக்கல்சனின் அறிக்கைகள் 1895இலும் 1897இலும் வந்தன. கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் 1904இல் வந்தது.

அந்தச் சட்டத்தில் ஒரு குறை. கடன் சங்கம் மட்டும்தான் அமைக்கலாம். நெசவு செய்ய, வீடு கட்ட, சேர்ந்து வேலை எடுத்துச் செய்ய என்று சங்கம் வைக்க 1912ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எட்டே வருஷம்தான் வித்தியாசம். ஆனால், மூத்த பிள்ளைக்குக் கிடைத்த செல்லம் மற்ற பிள்ளைகளுக்குக் கிடைக்கவேயில்லை. நான் கூட்டுறவுத் தணிக்கையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் மேசைக்கு வந்த பேரேடுகளில் பெரும்பாலானவை கடன் பேரேடுகள். நகைக்கடன், பயிர்க்கடன், வீட்டுக்கடன். வேலையைப் பேரேட்டில் எழுதிய சங்கங்கள் என்று பார்த்தால், கைத்தறி நெசவாளர் சங்கங்களும் இன்னும் சிலவும்தான்.

இப்போது கவரைப்பேட்டையில் குடியிருக்கிறேன். ரயிலில் கொஞ்சம் வடக்கே போனால் கும்மிடிப்பூண்டி. சிப்காட்டில் ரோலிங் மில், வார்ப்பாலை, ரசாயனம், வாகன உதிரிபாகம் என்று வரிசையாக இருக்கின்றன. மேற்கே தேர்வாய்கண்டிகையில் டயர் தொழிற்சாலை. மாலை ஷிப்ட் முடியும் நேரத்தில் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் நின்றால் தமிழ், தெலுங்கு, ஒடியா, இந்தி நான்கும் காதில் விழும். அங்கேதான் சில வெல்டர்களும் ஃபிட்டர்களும் எனக்குப் பழக்கமானார்கள். எல்லாரும் ஐ.டி.ஐ. படித்தவர்கள். ஆலைகளில் பராமரிப்புக்காக 'ஷட்டவுன்' எடுக்கும்போது ஒப்பந்தக்காரர் கூப்பிட்டால் போவார்கள்; கூப்பிடாத நாளில் வீட்டில் இருப்பார்கள். நான் ஆடிட் வேலை பார்த்தவன் என்று தெரிந்ததும் ஒருவர் கேட்டார்:

"சார், சங்கம்னா லோன் தர்ற எடம்தானே? எங்களுக்கு எதுனா கெடைக்குமா?"

கடன் கொடுக்காத சங்கமும் உண்டு தம்பி, வேலையை நீங்களே எடுத்து நீங்களே பங்கு போட்டுக்கொள்கிற சங்கம் என்றேன். சிரித்தார். "அப்ப ஓனரு யாரு?" என்றார்.

தொழிலாளர் கூட்டுறவு என்பது இந்தக் கேள்விக்கான பதில்தான். வேலை செய்பவர்களே உறுப்பினர்கள். ஆளுக்கு ஒரு பங்காவது வாங்க வேண்டும். பத்துப் பங்கு வைத்திருந்தாலும் ஓட்டு ஒன்றுதான். நிர்வாகக் குழுவை அவர்கள் தேர்ந்தெடுப்பார்கள். மேலாளரை அந்தக் குழு நியமிக்கும். ஒப்பந்தக்காரரின் பைக்குப் போகிற லாபம் சங்கத்தில் தங்கும். அதில் ஒரு பகுதி சட்டப்படி காப்பு நிதிக்குப் போகும், மிச்சம் போனஸாகவோ கருவி வாங்கவோ பயன்படும்.

கேட்பதற்கு ஏதோ வெளிநாட்டுச் சங்கதி போலத் தோன்றும். நம் பக்கத்திலேயே நடக்கிறது. புதுச்சேரி நேரு வீதியில் இந்தியன் காபி ஹவுஸில் காபி குடித்தவர்கள் எத்தனையோ பேர். காபி வாரியம் தன் கடைகளை மூடித் தொழிலாளர்களை வீட்டுக்கு அனுப்ப முனைந்தபோது, ஏ.கே. கோபாலன் பக்கத்தில் நிற்க, அந்தத் தொழிலாளர்களே கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்துக் கடைகளை எடுத்துக்கொண்டார்கள். 1957இல் பெங்களூரில் தொடங்கியது அது. கேரளத்து வடகரைக்குப் பக்கத்தில் ஊராளுங்கல் தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கம் இன்னும் பழையது. வாக்படானந்தர் என்ற சீர்திருத்தத் துறவியின் வழியில் நடந்ததால் நிலக்கிழார்கள் வேலை தர மறுத்த கூலிக்காரர்கள் 14 பேர், 1925இல் ஆறணா முதலோடு தொடங்கினார்கள். இன்று அது சாலையும் பாலமும் போடுகிறது, கோழிக்கோட்டில் சைபர் பார்க் நடத்துகிறது, ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை தருகிறது.

இதையெல்லாம் டீக்கடையில் சொன்னபோது அவர்கள் வாய் பிளந்து கேட்கவில்லை. கணக்கு கேட்டார்கள். எனக்கு அதுதான் பிடித்தது. பேப்பர் வாங்கி எழுதிப் பார்த்தோம். அந்தக் கணக்கை இங்கேயும் போட்டுக் காட்டுகிறேன். இந்த ஊரில் இப்படி ஒரு சங்கம் ஏன் எளிதில் முளைப்பதில்லை என்பதற்குத் தத்துவக் காரணம் எதுவும் தேட வேண்டாம். இந்தக் கணக்கு போதும்.

நாற்பது பேர் சேர்கிறார்கள் என்று வையுங்கள். ஆளுக்கு மாதம் 15,000 ரூபாய் கூலி என்றால் 6 லட்சம். சட்டத்தின் கண்ணில் சங்கமும் ஓர் ஒப்பந்தக்காரர்தான். ஆகவே முதலாளி பங்காகப் பி.எஃப். செலவு சுமார் 13 சதவீதம், 78,000. இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், 19,500. ஆக, ஏழு லட்சத்துக்கு 2,500 ரூபாய்தான் குறைவு. மேற்செலவைச் சேர்த்து ஏழரை லட்சத்துக்குப் பில் போட்டால், ஆள் வழங்கும் சேவைக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி., 1,35,000. கம்பெனி பணம் கொடுத்ததோ இல்லையோ, அந்த வரியை அடுத்த மாதம் 20ஆம் தேதி கட்டியாக வேண்டும். கம்பெனி பில்லுக்குப் பணம் தருவது இரண்டு மாதம் கழித்து. அதுவும் நல்ல கம்பெனியாக இருந்தால். கூலியோ ஏழாம் தேதிக்குள் கைக்கு வர வேண்டும். முதல் காசோலை வருவதற்குள் பதினேழு பதினெட்டு லட்சம் கையிலிருந்து போட வேண்டும். நாற்பது பேரும் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் பங்கு போட்டால் வரும் தொகை 40,000.

ஒப்பந்தக்காரர் என்பவர் உண்மையில் என்ன விற்கிறார் என்று இந்தக் கணக்கைப் பார்த்தால் புரியும். ஆள் பிடித்துத் தருவது சின்ன வேலை. இரண்டு மாதத்துக்குப் பணத்தைப் புரட்டித் தருகிறாரே, அதற்குத்தான் அந்தக் கமிஷன். அவரை வில்லனாக வர்ணித்துச் சங்கம் தொடங்கியவர்கள் மூன்றாம் மாதம் அவரிடமே கைமாற்று வாங்கப் போயிருக்கிறார்கள். சங்கம் பதிவு செய்யக் குறைந்தது 25 பேர் வேண்டும் என்பார்கள். ஆள் எண்ணிக்கை பெரிய தடையே இல்லை. மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி, கம்பெனி ஒப்புக்கொண்ட பில்லின் பேரில் ரொக்கக் கடன் தருமா என்பதுதான் தொடங்கும் நாளில் கேட்க வேண்டிய கேள்வி. வங்கி மேலாளர் மறுப்பதற்கு ஆயிரம் காரணம் வைத்திருப்பார். நகைக்கடன் கொடுப்பதில் அவருக்கு எந்தத் தலைவலியும் இல்லை. பில்லை நம்பிக் கொடுப்பதில் உண்டு. ஆகவே சிறியதாகத் தொடங்குவதே நல்லது. உணவகம், தோட்டப் பராமரிப்பு, மரப் பேலட் பழுதுபார்த்தல் போல வாரத்துக்கு வாரம் பணம் திரும்புகிற வேலையில் கை வைத்துவிட்டு, ஷட்டவுன் வேலைக்குப் பிறகு போகலாம். இது என் கருத்து. வெல்டர்களுக்குப் பேலட் ஆணி அடிப்பதில் விருப்பமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பணம் கிடைத்தாலும் அடுத்த பள்ளம் ஒன்று உண்டு. அதற்கு நெய்வேலியைப் பார்க்க வேண்டும். அங்கே என்.எல்.சி.யின் ஒப்பந்தத் தொழிலாளர்களை வைத்து இன்ட்கோசர்வ், ஹவுசிகாஸ் என்ற தொழிற்கூட்டுறவுச் சங்கங்கள் உண்டாயின. இடைத்தரகர் போனார், கூலிக்கும் சலுகைக்கும் ஓர் ஒழுங்கு வந்தது. அது சாதாரண லாபமில்லை. ஆனால் வேலை கொடுப்பது ஒரே ஒரு நிறுவனம். தொழிலாளி இதைத் தன் சங்கம் என்று நினைப்பதைவிட, நிரந்தர வேலைக்கு நிற்கும் வரிசை என்றே நினைத்தார். சீனியாரிட்டிப் பட்டியலில் தன் பெயர் எத்தனையாவது என்பதுதான் அவர் கவலை. போராட்டங்களும் வழக்குகளும் அதைச் சுற்றியே நடந்தன. அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? வாடிக்கையாளர் ஒருவரே என்றால் அவர்தான் முதலாளி, பெயர்ப் பலகையில் சங்கம் என்று எழுதியிருந்தாலும். கும்மிடிப்பூண்டிக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு. இங்கே ஒரே பெரிய ஆலை கிடையாது. சின்னதும் நடுத்தரமுமாக நிறைய ஆலைகள், எல்லாவற்றுக்கும் வெல்டர் வேண்டும்.

எங்கள் மாவட்டத்திலேயே எனக்கு நம்பிக்கை தரும் ஒன்று, நான் தணிக்கை செய்யாத ஒன்று, மெய்யூரில் இருக்கிறது. திருவள்ளூர் பக்கம் செங்கல் சேம்பர்களைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். ஊத்துக்கோட்டை, செங்குன்றம் வழியெங்கும் புகைபோக்கிகள். ஒடிசாவின் பலாங்கீர் பக்கமிருந்து குடும்பம் குடும்பமாக வந்து கல் அறுப்பவர்கள் ஒருபுறம், முன்பணம் வாங்கி மாட்டிக்கொண்ட இருளர்கள் இன்னொருபுறம். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. அதன் பிறகும் மீட்புகள் நடந்துகொண்டேதான் இருக்கின்றன. மீட்டுக் கொண்டுவந்து விடுவிப்புச் சான்றிதழ் கொடுத்தாயிற்று, அப்புறம்? கையில் தெரிந்த தொழில் ஒன்றுதான். பல குடும்பங்கள் வேறு சேம்பரில் வேறு முன்பணத்துக்குப் போய் நின்றன.

2022இல், ஆல்பி ஜான் வர்கீஸ் ஆட்சியராக இருந்தபோது, மாவட்ட நிர்வாகம் அந்தத் தொழிலையே பிடித்துக்கொண்டது. மீட்கப்பட்ட இருளர் குடும்பங்கள் தாங்களே சூளை வைத்து நடத்த, அரசின் 'வாழ்ந்து காட்டுவோம்' திட்டத்தின் நிதியோடு 'சிறகுகள்' என்ற செங்கல் சூளை மெய்யூரில் வந்தது. மண் பிசைவது, அச்சில் அறுப்பது, பச்சைக்கல்லைக் காயவைத்து அடுக்குவது, சூளை வைப்பது எல்லாம் அவர்களுக்குப் பழைய வேலை. விலை பேசுவதும் கணக்கு எழுதுவதும் புதிய வேலை. இதில் என் கண்ணுக்குப் பட்டது மானியமோ திறப்பு விழாவோ இல்லை. கல்லை யார் வாங்குவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்திருந்தார்கள். அரசு வீட்டுத் திட்டங்களுக்கு அந்தக் கல் போனது. அதாவது, இருளர் அறுத்த கல்லில் இருளருக்கே வீடு எழும்புகிற வழி பிறந்தது. காகிதத்தில் இதைக் கூட்டுறவுச் சங்கம் என்று சொல்லாமல் குழு என்று சொல்லலாம். அந்த வேறுபாடு என்னைப் போன்ற தணிக்கைக்காரனுக்குத்தான் முக்கியம். வேலையும் வீடும் ஒரே கணக்கில் வந்தன என்பது எல்லாருக்கும் முக்கியம்.

வீட்டு விஷயத்தில் தமிழ்நாட்டுக் கூட்டுறவு எடுத்த பாதை வேறு. நம் வீட்டுவசதிச் சங்கங்கள் மாநில இணையத்திடம் பணம் வாங்கி உறுப்பினருக்குக் கடனாகக் கொடுத்தன. மனை அவருடையது, வீடு அவருடையது, பத்திரம் மட்டும் சங்கத்தின் பீரோவில். கடன் கட்டி முடித்தால் உறவு முடிந்தது. கட்டாவிட்டால் வட்டி, அபராத வட்டி, பிறகு ஒருநாள் தள்ளுபடி அறிவிப்பு. அறிவிப்பு வரும் என்று எதிர்பார்த்தே கட்டாமல் இருந்தவர்களும் உண்டு. சென்னையைச் சுற்றி எத்தனையோ குடும்பங்கள் இந்தக் கடனில்தான் தலைக்கு மேல் கூரை கண்டன, மறுக்கவில்லை. ஆனால் கடன் வாங்க ஒரு மனை முதலில் வேண்டுமே? கும்மிடிப்பூண்டியில் பத்துக்குப் பத்து அறையில் ஷிப்ட் மாற்றி ஷிப்ட் படுக்கும் தொழிலாளிக்கு அந்தச் சங்கத்தின் கதவு திறந்திருந்தும் பயனில்லை.

உருகுவே என்ற சின்ன நாட்டில் 1968இல் ஒரு வீட்டுவசதிச் சட்டம் வந்தது. அதன்படி தொழிலாளர் குடும்பங்கள் சங்கமாகச் சேர்ந்து, அரசுக் கடன் வாங்கி, தாங்களே கட்டடம் கட்டுகின்றன. குடும்பத்துக்கு வாரம் 21 மணி நேரம் உழைப்பு. வீடு யாருக்கு என்பது பொதுவாகக் கடைசியில் குலுக்கலில்தான் தெரியும்; ஆகவே எல்லாச் சுவரையும் எல்லாரும் ஒழுங்காகக் கட்டுகிறார்கள். சொத்து சங்கத்தின் பெயரில், குடியிருக்கும் உரிமை குடும்பத்துக்கு. விட்டுப் போகிறவர் போட்ட பங்கை வாங்கிக்கொண்டு போகலாம், வீட்டைச் சந்தையில் விற்க முடியாது. 1970இல் இந்தச் சங்கங்கள் கூட்டமைப்பாகச் சேர்ந்தன. இன்றும் அந்நாட்டில் அது பெரிய சக்தி.

நம் நாட்டில் சோலாப்பூர் இருக்கிறது. பீடி சுற்றும் பெண்கள் சங்கம் வைத்து நிலம் தேடி, மத்திய அரசு, மாநில அரசு, தொழிலாளி என மூவர் பங்கில் 10,000 வீடுகள் கட்டி 2006இல் குடியேறினார்கள். அடுத்ததாக விசைத்தறிக்காரர்கள், குப்பை பொறுக்குபவர்கள், தெருவோர வியாபாரிகள் எனச் சேர்த்து 30,000 வீடுகளுக்கு 'ரே நகர்'. அதில் 15,000 வீடுகளை 2024 ஜனவரியில் பிரதமர் மோடி ஒப்படைத்தார். இரண்டையும் முன்னின்று நடத்தியவர் மார்க்சிஸ்ட் கட்சியின் முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் நரசய்யா ஆடம். ஒரே மேடையில் இவர்கள் இருவரும் நின்ற காட்சியை, சங்கம் பலமாக இருந்தால் எந்த அரசோடும் பேச முடியும் என்பதற்கு நான் அடிக்கடி எடுத்துக் காட்டுவேன்.

தமிழ்நாடு சும்மா இல்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதியை 2024 ஆகஸ்டில் சிப்காட் திறந்தது. நல்ல கட்டடம். ஆனாலும் அது படுக்கை. வேலை போனால் படுக்கையும் போகும். ஆலைகளுக்குச் சிப்காட் 99 ஆண்டுக் குத்தகைக்கு நிலம் கொடுக்கிறது. அதே சிப்காட் எல்லையில் இரண்டு ஏக்கரை அதே 99 ஆண்டுக்கு ஒரு தொழிலாளர் வீட்டுவசதிச் சங்கத்துக்குக் கொடுத்தால் என்ன? விற்க முடியாத நிலம் என்பதால் மனை வியாபாரியும் எட்டிப் பார்க்க மாட்டார். இதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஓர் அரசாணை போதும்.

அரசாணை என்றதும் பழைய வடு ஒன்று அரிக்கிறது. தமிழ்நாட்டில் 1976இல் கூட்டுறவு நிர்வாகக் குழுக்களைக் கலைத்துத் தனி அலுவலர்களைப் போட்டார்கள். பரவலாகத் தேர்தல் நடந்தது 1996இல். 2001இல் மறுபடி கலைப்பு. சங்கம் என்றால் சர்க்கார் ஆபீஸ் என்று மக்கள் நினைப்பதில் வியப்பென்ன? கூட்டுறவுச் சங்கம் அமைப்பதை அடிப்படை உரிமைகளில் சேர்த்து 97ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. அதன் பெரும்பகுதியை மாநிலச் சங்கங்களுக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2021இல் நீக்கினாலும், அந்த உரிமை நிற்கிறது. நடைமுறையில் இன்னொரு சிக்கல்: தொழிற்கூட்டுறவுக்குக் காக்களூரில் இருக்கும் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போக வேண்டும், வீட்டுவசதிச் சங்கத்துக்குப் பதிவாளர் வேறு, கைத்தறி என்றால் இன்னொருவர். வேலையையும் வீட்டையும் ஒரே சங்கத்தில் வைக்க நினைப்பவர் இரண்டு படியேற வேண்டும். இரண்டு சங்கமாகவே பதிவு செய்துவிடுங்கள் என்பதுதான் என் ஆலோசனை. ஒன்று நொடித்தாலும் மற்றது பிழைக்கும்.

டீக்கடைக் கூட்டம் இன்னும் பதிவுக்குப் போகவில்லை. பணக் கணக்கைக்கூட ஒரு மாதிரி ஏற்றுக்கொண்டார்கள். தடை வேறு இடத்தில் வந்தது. ஒடிசாக்காரர்களைச் சேர்ப்பதா வேண்டாமா? "அவங்க பாதிக் கூலிக்கு வர்றதாலதான் சார் நமக்கு ரேட்டே விழுது" என்றார் ஒருவர். அதனால்தான் சேர்க்க வேண்டும் என்றேன். வெளியே நிறுத்தினால் சங்கம் கேட்கும் ரேட்டை உடைக்க ஒப்பந்தக்காரருக்கு ஆள் தயாராக இருக்குமே.

பழவேற்காட்டை உதாரணம் சொன்னேன். ஏரியில் மீன்பிடிக்கும் இடங்களை 'பாடு' என்ற பழைய முறைப்படி கோட்டைக்குப்பம், நடூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் பட்டினவர்கள் குலுக்கல் போட்டு மாற்றி மாற்றிப் பிரித்துக்கொள்கிறார்கள். சர்க்கார் சட்டம் வருவதற்கு எவ்வளவோ முன்பே நம் கரையில் இருந்த கூட்டுறவு அது. உள்ளே இருப்பவர்களுக்குள் அவ்வளவு நியாயம். ஆனால் வேறு சாதி மீனவர்களுக்கு அந்தக் குலுக்கலில் சீட்டு கிடையாது, அதனால் ஓயாத சச்சரவு. ஒரு ஃபிட்டர் அந்தப் பக்கத்துக்காரர். தலையாட்டினார், ஆனால் ஒப்புக்கொண்டாரா என்று சொல்ல முடியாது.

சேர்ப்பதென்று முடிவானாலும் தாளில் ஒரு முள் இருக்கிறது. உறுப்பினராக, சங்கத்தின் செயல் எல்லைக்குள் குடியிருப்பதைக் காட்ட வேண்டும். இங்கே அறை வாடகைக்கு விடுபவர்கள் ரசீது தருவதில்லை; ஆதாரில் பலாங்கீர் விலாசம். வார்டு உறுப்பினரிடமோ கிராம நிர்வாக அலுவலரிடமோ ஏதாவது ஒரு சான்று வாங்க முடியுமா என்று விசாரிக்கும் வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். அதற்கிடையில், ஒடியா தெரிந்த ஒரு மேஸ்திரியைத் தேடிப் பிடித்து அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டிவருவதாக, முதலில் மறுத்த அதே வெல்டர் சொல்லியிருக்கிறார். செக் புத்தகத்தில் யார் யார் கையெழுத்துப் போடுவது என்ற சண்டையும் அன்றைக்குத்தான்.